சிகூர் ரோஸ்: முதலில் எந்த ஆல்பம்?

ஐஸ்லாந்து போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்து மெதுவாக அடுக்கிக் கட்டுகிற இசை) கேட்டுப் பார்க்க வேண்டும், யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் சிகூர் ரோஸ் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. சண்டையெல்லாம் அடுத்த கேள்வியில்தான். எந்த ஆல்பம்? 1999-இல் வந்த ‘அவ்கைட்டிஸ் பிர்யுன்’ என்று ஒரு கட்சி. 2002-இல் பெயரே வைக்காமல், அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகளை மட்டும் போட்டு வெளியிட்டார்களே, அது என்று இன்னொரு கட்சி. ‘அதெல்லாம் அப்புறம், முதலில் ஹொப்பிபொட்லா பாட்டைப் போடுங்க’ என்று 2005-இன் ‘தாக்’ ஆல்பத்தை நீட்டுகிறவர்கள் என் பழக்கத்தில் அதிகம். ஆல்பமே வேண்டாம், ‘ஹெய்மா’ ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என் ஓட்டு அடைப்புக்குறி ஆல்பத்துக்கு. தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர் என்றால் சந்தேகமே இல்லாமல் அதற்குத்தான். இது கொஞ்சம் வம்பான சிபாரிசு என்று தெரியும். இருப்பதிலேயே கடினமானது அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏன் அப்படி நினைக்கவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் ஆல்பங்களை ஒப்பிட முடியாது. குழு 1994-இல் ரெய்க்யாவிக்கில் மூன்று பேரோடு தொடங்கியது. பாட்டும் கிட்டாரும் யோன்சி, பாஸ் கியோர்க், டிரம்ஸ் ஆகுஸ்ட். அந்தச் சமயத்தில் யோன்சிக்குப் பிறந்த தங்கை சிகுர்ரோஸின் பெயரை இரண்டாகப் பிரித்துக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த முதல் ஆல்பம் ‘வோன்’ உள்ளூரிலேயே பெரிதாக விற்கவில்லை. அதன் பிறகு கீபோர்டு வாசிக்க க்யார்த்தன் வந்து சேர்ந்தார். நால்வரில் முறையாக இசை படித்தவர் அவர் ஒருவர்தான். வயலின்களும் பித்தளைக் குழல்களும் இந்த இசைக்குள் இடம்பிடித்ததில் அவர் பங்கு பெரிது.

யோன்சி எலெக்ட்ரிக் கிட்டாரைச் செல்லோ வில்லால் இழுக்கிறார். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இந்த இசையின் மெதுத்தன்மையில் பாதி அதில்தான் இருக்கிறது. கிட்டார் கம்பியை விரலாலோ பிக்காலோ மீட்டினால் ஒவ்வொரு சுரமும் ஒரு அடியோடு தொடங்கி உடனே தேய ஆரம்பிக்கும். காது அந்த அடிகளை எண்ணிக் காலத்தைக் கணக்கிடும். வில்லால் இழுத்தால் அடி இல்லை. ஒலி எந்த நொடியில் தொடங்கியது என்றே தெரியாமல் ஊறி, பெருத்து, ரிவெர்ப் என்கிற எதிரொலியில் கரைந்து அடுத்ததோடு கலக்கும். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் காது கணக்கை விட்டுவிடும். அதற்கு மேல் நம்மூர்க் கச்சேரி ரசிகர்கள் முகம் சுளிக்கக்கூடிய கள்ளக்குரலில் யோன்சி பாடுகிறார். அந்தக் குரலும் வில்லிழுத்த கிட்டாரும் ஒரே உயரத்தில் சேர்ந்து ஒலிக்கும்போது எது எது என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

டிரம்ஸ் சாவகாசமாக வரும். மெட்டு சிறியது, கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மூன்றோ நான்கோ. இதை ஆலாபனையோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. ஆலாபனையில் ராகம் நகர்கிறது, ஒவ்வொரு சுரமாக நின்று மேலே போகிறது. இங்கே மெட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அதைச் சுற்றி ஆர்கன் வரும், பாஸ் வரும், வயலின்கள் வரும், கடைசியில் டிரம்ஸ் சிம்பலை உடைக்கிற மாதிரி விழும். முதல் நிமிடத்தில் கேட்ட அதே மெட்டுதான் எட்டாவது நிமிடத்திலும். கேட்கிறவருக்கு அதன் கனம் மட்டும் மாறியிருக்கும். அந்த மாற்றம் நடக்க நேரம் வேண்டும். நேரத்தைக் குறைத்தால் மிச்சமிருப்பது வெறும் இரைச்சல்.

என் தங்கை பையன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றான். “ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் ஆச்சுடா” என்றேன். பல்லவி எங்கே வருகிறது என்று காத்திருக்கிற காதுக்கு அது நியாயமான கேள்விதான். முதல் ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்தக் கேள்வியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

‘தாக்’ ஆல்பத்தின் பதில்: காத்திருக்கவே வைக்காதே. ஹொப்பிபொட்லா நாலரை நிமிடம்தான். பியானோவில் ஒரு மெட்டு, உடனே வயலின்கள், உடனே உச்சம். மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் குதித்து விளையாடுவதும், மூக்கில் ரத்தம் வந்தாலும் எழுந்து நிற்பதும்தான் வரிகள். 2006-இல் பிபிசி தன் ‘பிளானட் எர்த்’ தொடரின் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைப் போட்டது. அதோடு குழுவின் பெயர் தெரியாத வீடுகளுக்குள்ளும் பாட்டு போய்ச் சேர்ந்தது. உங்களில் பலருக்கும் ஏற்கெனவே பரிச்சயமாக இருக்கும்.

அங்கேதான் சிக்கல். பொருள் விற்கிற விளம்பரங்களுக்குப் பாட்டைக் கொடுக்க இந்தக் குழு நெடுங்காலம் மறுத்துவந்ததால், அதே சாயலில் பாட்டு செய்து போட்ட விளம்பரங்கள் நிறைய வந்தன. பியானோ, மெல்ல எழும் வயலின், பிறகு கூட்டமாக டிரம்ஸ், திரையில் சிரிக்கும் குடும்பம். இன்ஷூரன்ஸ், வங்கி, மொபைல் என எதற்கும் பொருந்துகிற அச்சு. இன்று முதல்முறையாக ஹொப்பிபொட்லா கேட்கிறவருக்கு அசல் நகலைப் போலத் தோன்றும். பாட்டின் மேல் குற்றமில்லை, ஆனால் முதல் அறிமுகம் அப்படி நடப்பது நல்லதில்லை.

இன்னொன்று, ‘தாக்’ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது. அதில் உச்சங்கள் அடுத்தடுத்து வருகின்றன. க்லோசோலி ஆறு நிமிடத்தில் உறுமி உறுமி வெடிக்கிறது. அது அருமையான பாட்டு. இந்த ஆல்பத்தில் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் அதைத்தான் சொல்வேன். சைக்லோபுர் பியானோவில் மென்மையாகத் தொடங்கிச் சட்டென்று கதவை உடைக்கிறது. தனித்தனியாக எல்லாம் சரி. சேர்ந்து கேட்டால் நடுவில் அலுப்புத் தட்டும், அடுத்த வெடி எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். காரில் நாலைந்து பேரோடு போகும்போது, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது, ஆல்பம் முழுக்க உட்கார்ந்து கேட்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தெரியும்போது, ‘தாக்’ போதும். வேறு எதையும் தேட வேண்டாம்.

‘அவ்கைட்டிஸ் பிர்யுன்’ வேறு தரத்து ஆல்பம். குழுவின் மிகச் சிறந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1999 ஜூனில், ரெய்க்யாவிக் ஓபரா அரங்கில் ஒரு கச்சேரியோடு வெளிவந்தது. முதல் பிரதிகளின் அட்டைகளைக் குழுவினரே கையால் ஒட்டினார்கள். பசை சிடியில் பட்டுப் பல பிரதிகள் ஓடாமலே போயின. அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த, இறக்கை முளைத்த ஒரு கரு. இப்படி வீட்டுத்தயாரிப்பாக வெளிவந்தது அடுத்த வருடம் பிரிட்டனுக்கும் அதற்கடுத்த வருடம் அமெரிக்காவுக்கும் போய், அங்கே ஷார்ட்லிஸ்ட் என்ற இசை விருதை அது ஆரம்பித்த வருடமே வாங்கியது.

ஸ்வெப்ன்-கி-எங்லார் பத்து நிமிடம். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் மாதிரி ஒரு ‘டிங்’ தூரத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் ஆர்கன். வில்லிழுத்த கிட்டார் நிறைந்து வழிந்து திரும்ப வடியும். குழந்தை பிறக்கிற நிகழ்வைக் குழந்தையின் பக்கத்திலிருந்து சொல்கிற வரிகள். அடுத்து ஸ்டாரவ்ல்வுர். அதில் வயலின் பகுதி முன்னும் பின்னும் ஒன்றுபோல் வரும்படி எழுதப்பட்டது. கோர்ப்பு எவ்வளவு நுட்பமோ அவ்வளவு எளிமையாகக் காதில் விழுகிறது. வித்ரார் வெல் டில் லொஃப்டவ்ராசா என்ற பாட்டின் தலைப்புக்குக் குண்டு போட நல்ல வானிலை என்று பொருள். கொசோவோ மீது விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நாட்களில் வானிலைச் செய்தி வாசித்தவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பார்கள். பத்து நிமிடம், தலைப்பின் கசப்பு ஒரு துளிகூட மெட்டில் தெரியாமல் பியானோவும் வயலின்களும் போகும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இதை முதலில் கேட்க வேண்டாம் என்கிறேன்? வரிகளால்தான். இந்த ஆல்பம் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியில் இருக்கிறது. அந்த நாட்டின் மக்கள்தொகை இன்றைக்கும் நாலு லட்சத்தைத் தொடவில்லை. அவர்களுக்குக் கிடைக்கிற ஏதோ ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை என்ற உறுத்தல் கேட்கும்போதே இருக்கும். பாட்டைக் கேட்டவுடன் ‘வரி யாருது?’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். டீக்கடையில் பாடலாசிரியருக்காகச் சண்டை போட்டவர்கள். அந்தப் பழக்கம் சும்மா இருக்க விடாது. இரண்டாவது பாட்டிலேயே கை போனுக்குப் போகும், மொழிபெயர்ப்பைத் தேடும், கண் திரையில் ஓடும். பத்து நிமிடத்தில் மெல்லக் கட்டப்படுகிற ஒன்றை, நாலு வரி ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே கேட்டால் என்ன மிஞ்சும்? குழந்தை பிறக்கிற பாட்டு என்று நானே மேலே சொல்லிவிட்டேன். அதுகூட இனிமேல் உங்கள் காதில் உட்கார்ந்திருக்கும்.

அடைப்புக்குறி ஆல்பத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எட்டுப் பாட்டு, எதற்கும் பெயர் இல்லை. வரியே இல்லை. சிடியோடு வந்த சிறு புத்தகத்தில் எல்லாப் பக்கமும் வெற்றுப் பக்கம். வேண்டுமானால் கேட்கிறவர் தன் வரியை எழுதிக்கொள்ளலாம். யோன்சி பாடுவது ‘வோன்லென்ஸ்கா’ என்று குழுவே பெயர் வைத்த அசைக்கூட்டம். இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. நம் சினிமாக்காரர்களுக்கு இது அந்நியமே இல்லை. இசையமைப்பாளர் மெட்டுப் போடும்போது தன்னானா, லாலலா என்று பாடிப் பாடலாசிரியரிடம் கொடுப்பாரே, அந்தத் தத்தகாரம்தான். நம்மூரில் அதன் மேல் வரி வந்து உட்கார்ந்ததும் தத்தகாரம் அழிந்துபோகும். இவர்கள் வரியைக் கூப்பிடாமல் தத்தகாரத்தையே ரெக்கார்டு செய்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் இருக்கிறவருக்கும் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறவருக்கும் இந்த ஆல்பத்தில் புரிவது ஒரே அளவுதான்.

அது வெறும் சோம்பேறித்தனம், பெயரில்லாமல் விட்டது மேட்டிமை என்று சொன்னவர்களும் உண்டு. அந்த விமர்சனம் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆல்பம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே அசைத்தொடர்தான் இழுத்தும் சுருக்கியும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் பாட்டுகள் அவசரத்தில் செய்தவை இல்லை. பெரும்பாலானவை ரெக்கார்டிங்குக்கு முன்பே மேடையில் வாசித்து வாசித்துப் பதமானவை. மேடையில் புழங்கிய செல்லப்பெயர்கள்தான் இன்று ஸ்ட்ரீமிங் ஆப்களில் தலைப்புக்குப் பக்கத்தில் வருகின்றன. ரெய்க்யாவிக்குக்கு வெளியே மோஸ்ஃபெல்ஸ்பைர் என்ற ஊரில், பழைய கம்பளி ஆலை இருந்த பகுதியில், 1930-களில் கட்டிய ஒரு நீச்சல் குளத்தைக் குழுவினர் ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். ஆல்பம் அங்கே உருவானது. ஆகுஸ்ட் விலகி ஓர்ரி டிரம்ஸுக்கு வந்துவிட்டிருந்தார்.

முதல் பாட்டைக் கவனியுங்கள். லேசான ஒரு கொரகொரப்போடு தொடங்கும். ஆர்கன், பிறகு பியானோ, பிறகு குரல். இரண்டு மூன்று அசைகள். மூன்றாவது முறை கேட்கும்போது நீங்களே உங்கள் தாய்மொழியில் அதற்கு ஏதோ அர்த்தம் கொடுத்திருப்பீர்கள். ஓர்ரியின் மகள் வாக்காவின் பெயர்தான் இந்தப் பாட்டின் செல்லப்பெயர். இதன் வீடியோவில் முகமூடி மாட்டிய பிள்ளைகள் கரும்பனி விழும் மைதானத்தில் விளையாடுவார்கள். எம்டிவி ஐரோப்பா 2003-இல் சிறந்த வீடியோ விருது கொடுத்தது. முதலில் அதைப் பார்க்காதீர்கள், பாட்டைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பாட்டில் குரலும் இல்லை. ஒரே பியானோ வட்டம், ஆறரை நிமிடம். அடியில் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. மாற்றம் எப்போது நடந்தது என்று காட்ட முடியாது. ‘எப்ப ஆரம்பிக்கும்?’ என்ற கேள்வி இந்தப் பாட்டில்தான் தானாக விழுந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்த இசைக்கு வசப்பட்டவர்கள் பலரும் வசப்பட்ட இடம் இதுதான், டிரம்ஸ் வெடிக்கிற இடம் இல்லை.

இன்னொரு வசதி ஆல்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நாலு பாட்டு முடிந்ததும் 36 விநாடி மௌனம். அதற்கு முன்னால் வருபவை வெளிச்சமானவை, பின்னால் வருபவை இருண்டவை. முதல் பாதி 28 நிமிடம். அதாவது ஒரு சீரியல் எபிசோடு நேரம். மொத்த ஆல்பம் 72 நிமிடம் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு வாரம் முதல் பாதியை மட்டும் கேளுங்கள். நாலாவது பாட்டின் மேடைப் பதிவு ‘வனில்லா ஸ்கை’ படத்தின் கடைசிக் கட்டத்தில் வரும். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் காது சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். மௌனம் வந்ததும் நிறுத்திவிடலாம். நிறுத்துவதற்கென்றே விட்ட இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதி 43 நிமிடம், அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஏழாவது பாட்டு 13 நிமிடம். எனக்கு இன்றைக்கும் அது கொஞ்சம் நீளம்தான். அதைப் பொறுத்துக்கொள்வது எட்டாவது பாட்டுக்காக. ‘பொப்லாயித்’ என்பது அதன் செல்லப்பெயர், பாப் பாட்டு என்று கிண்டலாக வைத்தது. 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாட்டின் முதல் பாதி முழுக்கக் கிட்டாரும் பாஸும் அடக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், குரல் முணுமுணுக்கும். பிறகு ஓர்ரி டாம் டிரம்களில் ஒரு புது நடையைத் தொடங்குவார். அங்கிருந்து நிமிடக்கணக்கில் ஏறும் ஏற்றத்தில் ஒரு படிகூடத் தாவல் கிடையாது. கச்சேரிகளைக் குழு வழக்கமாக இதைக்கொண்டுதான் முடிக்கிறது. இதைக் கேட்ட பிறகு ஹொப்பிபொட்லா கேளுங்கள், அது எதைச் சுருக்கி நாலரை நிமிடத்தில் அடைத்தது என்று தெரியும். மாற்றி வரிசையில் கேட்டால் தெரியாது.

‘ஹெய்மா’வுக்கு வருவோம். 2006 கோடையில் குழு ஐஸ்லாந்தைச் சுற்றி, பெரிய முன்னறிவிப்பு இல்லாமல், கட்டணமும் இல்லாமல் கச்சேரி செய்தது. அந்தப் பயணத்தின் படம்தான் இது, டீன் டெப்ளாய் இயக்கியது. ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ கார்ட்டூன் படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவர் அவர். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ட்யூபாவிக் என்ற ஊரில் 1950-களில் மூடப்பட்ட ஹெர்ரிங் மீன் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே மீனெண்ணெய் வைத்திருந்த பெரிய தொட்டிக்குள் வாசிக்கிறார்கள். எதிரொலியை யாரும் கம்ப்யூட்டரில் சேர்க்கவில்லை, துருப்பிடித்த இரும்பே கொடுக்கிறது. இன்னொரு இடத்தில், அலுமினிய ஆலைக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டிய காரஹ்னியூகர் அணையை எதிர்த்தவர்களோடு போய் அமர்ந்து, மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல் வாசிக்கிறார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் மடித்த கைகளோடு உட்கார்ந்து கேட்கிற சமூகக் கூடங்கள் வரும். படம் நல்ல படம், மறுக்கவில்லை.

என் தகராறு ஒன்றுதான். ஒருமுறை பார்த்துவிட்டால் அருவியும் ஆட்டுமந்தையும் பச்சை மலையும் இந்த இசையின் நிரந்தரப் படமாகிவிடும். ஐஸ்லாந்து என்றதும் பனிப்பாறை, எரிமலை, துருவ ஒளி என்று விமர்சகர்கள் எழுதுவதை நானும் நிறையப் படித்துச் சலித்திருக்கிறேன். இந்தக் குழு நகரத்தில் உருவான குழு. நீச்சல் குளத்தில் ரெக்கார்டு செய்தவர்கள். நிலக்காட்சிக்குப் பின்னணி இசையாக இதைக் கேட்க ஆரம்பித்தால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். 2016-இல் குழுவே ஒரு வேடிக்கை செய்தது. நாட்டைச் சுற்றி ஓடும் ரிங் ரோட்டில் 1,332 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, அதை 24 மணி நேர நேரலையாக ஒளிபரப்பி, ஒரே பாட்டின் துண்டுகளிலிருந்து மென்பொருள் கோத்த இசையை அதற்குப் போட்டார்கள். பின்னணியாகக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதுவே போதும். தனியாக உட்கார்ந்து ஆல்பம் கேட்கிற பழக்கமே இல்லாதவர், மனைவியோடோ நண்பர்களோடோ சேர்ந்துதான் எதையும் ரசிப்பவர் என்றால் மட்டும் ‘ஹெய்மா’வை முதலில் வையுங்கள். கடைசியில் பொப்லாயித் வருகிறது, அங்கே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மற்ற ஆல்பங்களை வேகமாகக் கடக்கலாம். 2008-இல் வந்தது குதூகலமான ஆல்பம், பாதிப் பாட்டுகள் சிறியவை, மெதுவாகக் கட்டுவதைத் தேடி வந்தவர்களுக்கு அது வேறு கடை. ‘வல்தாரி’ மூட்டம் மட்டும். 2013-இன் ‘க்வேய்குர்’ க்யார்த்தன் விலகிய பிறகு வந்தது. இரும்பு உராய்கிற மாதிரி கரடுமுரடான ஆல்பம். மெட்டல் கேட்டுப் பழகியவர், ‘மெதுவாக’ என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுகிறவர் என்றால் என் சிபாரிசை மாற்றிக்கொள்கிறேன், அதில் ப்ரென்னிஸ்டெய்ன் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 2023-இல் ‘அவ்ட்டா’ வந்தது. க்யார்த்தன் திரும்பி வந்திருந்தார். லண்டன் கண்டெம்பரரி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்திருக்கிறது, டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. அழகாக இருக்கிறது. ஆனால் ஏற்றம் இல்லாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. முன்பு கேட்டவர்களுக்குத்தான் அந்த இல்லாமை உறைக்கும், புதியவருக்கு வெறும் தூக்கமாத்திரையாகிவிடலாம்.

யோன்சியின் குரலே ஒத்துவரவில்லை என்று சிலர் ஒரு நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுவார்கள். அது நடக்கும். அவர்களை வற்புறுத்திப் பயனில்லை. அவர்களுக்கு யோஹான் யோஹான்சனைச் சொல்வேன். போஸ்ட்-ராக் என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆர்க்கெஸ்ட்ரா இசை. அவருடைய தந்தை ஐபிஎம் நிறுவனத்துக்காக ஐஸ்லாந்தில் கணினிப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தவர். ஐபிஎம் 1401 இயந்திரம் வேலை செய்யும்போது வெளியிடும் மின்காந்த அலைகளை ஒரு ரேடியோவில் பிடித்து அவரும் சக ஊழியர்களும் இசையாக வாசிப்பார்கள். இயந்திரத்தை ஓய்வுபெற வைத்தபோது அதை டேப்பில் பதிந்தும் வைத்தார்கள். மகன் பல வருடம் கழித்து அந்த டேப்பை எடுத்து, அதைச் சுற்றி வயலின்களை எழுதி 2006-இல் ஆல்பமாக்கினார். முதல் பகுதியில் கணினியின் அந்தச் சின்ன மெட்டு தனியாகக் கேட்கும், பிறகு ஆர்க்கெஸ்ட்ரா அதை மெல்லத் தூக்கிக்கொள்ளும். மெதுவாகக் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சிகூர் ரோஸிலேயே கிடையாது. யோஹான்சன் 2018-இல் இறந்துவிட்டார்.

இதற்கு நேரெதிராக, கனம் வேண்டாம், சின்னச் சின்ன ஒலிகளின் விளையாட்டு போதும் என்பவருக்கு மூம் குழு. 2002-இல் வந்த ஆல்பத்தின் பாட்டுகள் ஒரு கலங்கரை விளக்கத்தில் தங்கி உருவாக்கியவை. பொம்மைக் கருவி, கம்ப்யூட்டர் கிறுக்கல், குழந்தைக்குரல் போன்ற பாட்டு. சிலருக்கு ஐந்து நிமிடத்தில் இனிப்பு திகட்டிவிடும்.

கேட்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆல்பத் தேர்வை அது மாற்றிவிடும். இந்த இசையின் மெல்லிய பகுதிகள் நிஜமாகவே மெல்லியவை. சீலிங் ஃபேன் சத்தத்தில் ஆர்கனின் அடிப்பகுதி காணாமல் போகும், பஸ்ஸில் வில்லிழுத்த கிட்டாரே காணாமல் போகும். பயணத்தில் மட்டும்தான் பாட்டு கேட்க முடியும் என்கிறவர் அடைப்புக்குறியைத் தொட வேண்டாம், ‘தாக்’ மட்டுமே அந்த இரைச்சலைத் தாங்கும். காதை மூடுகிற ஹெட்ஃபோனோ, ஓரளவு நல்ல ஸ்பீக்கரோ, இரவு பத்துக்கு மேல் ஒரு அறையோ இருந்தால் பிரச்சினையில்லை. இலவசக் கணக்கில் ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் ஷஃபிள் போடாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டு முடிந்து நாலாவது தொடங்கும் இடத்தில் விளம்பரம் குறுக்கே வந்தால் அதுவரை கேட்ட இருபது நிமிடமும் வீண். சிடியைக் கடன் வாங்க ஆளிருந்தால் வாங்கிவிடுங்கள். அந்த வெற்றுப் பக்கப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது பாதிக்குப் போகும் நாளில் ஒரு எச்சரிக்கை. பொப்லாயித்தின் தொடக்கம் காதில் சரியாக விழவில்லையே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள், கை பரபரக்கும், இருந்தாலும் கூட்டாதீர்கள். கடைசி மூன்று நிமிடத்தில் ஹெட்ஃபோன் காதைப் பதம் பார்த்துவிடும், ஸ்பீக்கர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதையும் கேட்டு முடித்துப் பிடித்திருந்தால் ‘அவ்கைட்டிஸ் பிர்யுன்’ எடுங்கள். இரண்டு ஆல்பத்தையும் ஒரே வாரத்தில் கேட்காதீர்கள். மொழிபெயர்ப்பைத் தேடாமல் ஸ்வெப்ன்-கி-எங்லாரைப் பத்து நிமிடமும் கேட்க முடிகிறதா என்று அப்போது பாருங்கள். முடிந்தால் மிச்ச ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்டாலும் சரிதான், என் யோசனை தேவைப்படாது.